வலியை ஸ்கேனில் தேடும் நீதிபதிகளுக்கு

மதிப்பிற்குரிய நீதிபதிகளே,

நஷ்டஈட்டு வழக்குகளில் மூளை ஸ்கேனை நீட்டி "இதோ பாருங்கள், வலி" என்று வாதாடுவது மெல்லத் தலைகாட்டுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சூடான தார் பட்டு வெந்துபோன ஒரு லாரி ஓட்டுநருக்காக அப்படி வாதாடினார்கள், வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவருக்குப் பணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என் பயமெல்லாம் அடுத்து வரப்போகிறவரைப் பற்றி, அதாவது ஸ்கேன் எடுத்தும் அதில் ஒன்றும் தெரியாதவரைப் பற்றி.

இப்படி நீட்டப்படும் எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் வலியைப் படம்பிடிப்பதில்லை. மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். படத்தில் தெரியும் அந்தச் சிவப்பும் மஞ்சளும் மென்பொருள் பூசுவது. 2013இல் நரம்பியல் ஆய்வாளர் டோர் வேகரின் குழுவினர் சுடுகிற வெப்பத்தையும் வெறும் கதகதப்பையும் ஸ்கேனை வைத்தே 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். சரி, அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது ஆரோக்கியமான ஆட்களை, தோலில் சில நொடி சூடு வைத்து. வருஷக்கணக்காக இடுப்பு வலியோடு உங்கள் முன் வந்து நிற்கிறவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று கேளுங்கள். பிறவியிலேயே வலி உணராத இருவரைக் குத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது, 'வலிப் பகுதிகள்' என்று சொல்லப்படும் அதே இடங்கள் அவர்கள் மூளையிலும் மற்றவர்களுக்குப் போலவே வேலை செய்தன. வலியே இல்லை, படம் மட்டும் இருக்கிறது!

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் அமைத்த குழு 2017இலேயே, நாள்பட்ட வலி உண்மையா என்று பார்க்கும் பொய் கண்டறியும் கருவியாக மூளை ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2020இல் அதே சங்கம் திருத்திய வரையறையின் குறிப்புகளில், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. (காப்பீட்டு நிறுவன வக்கீல்கள் இதை ஏன் மேற்கோள் காட்டுவதில்லை என்று கேட்கத் தேவையில்லை.)

வலிக்கிறது என்பவர் சொல்வதையே அப்படியே நம்பித் தீர்ப்பெழுதச் சொல்லவில்லை. சிகிச்சைப் பதிவுகள் இருக்கின்றன, கூட வேலை பார்த்தவர்கள், வீட்டில் உள்ளவர்கள் சாட்சி சொல்வார்கள், குறுக்கு விசாரணை இருக்கிறது. ஸ்கேனோடு வரும் நிபுணரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: இதே மாதிரி காயம், இதே மாதிரி நாள்பட்ட வலி உள்ள எத்தனை பேரிடம் இதைச் சோதித்தீர்கள், அதில் எத்தனை தடவை தப்பாகச் சொன்னது? எதிர்த்தரப்பு கேட்கிறது என்பதற்காக, வலியோடு வந்தவரை ஸ்கேனுக்குப் போ என்று உத்தரவிடாதீர்கள்.