நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுத்ததும், கத்தி வைப்பதற்கு முன் உள்ள சில நிமிடங்களில்தான் ரத்த அழுத்தம் அதிகம் சரிகிறது. சராசரி அழுத்தம் (மேல் அளவும் கீழ் அளவும் சேர்த்துக் கணக்கிடுவது) 65-க்குக் கீழே நீடித்தால் சிறுநீரகமும் இதயத் தசையும் பாதிக்கப்படலாம். முதியவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

நீலகிரியில் குளிரும் இதில் சேர்ந்துகொள்கிறது. பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ அறுவை சிகிச்சைக்கு வருபவரிடம், "ராத்திரி 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்று இன்னமும் சொல்லி அனுப்புகிறார்கள். பட்டியலில் அவர் கடைசி ஆளென்றால் பிற்பகல்வரை வறண்ட தொண்டைதான். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதால் பிரஷர் கருவி நல்ல அளவையே காட்டும். உடம்பில் நீர் குறைந்திருப்பது தெரியாது. மயக்க மருந்தான புரோபோபால் உள்ளே போனதும் அந்தச் சுருக்கம் தளர்ந்துவிடும், அழுத்தம் சட்டென்று விழும்.

மயக்கம் கொடுப்பதற்கு முன், சோறு, இட்லி போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். இதுவே இன்றைய விதி. பால் டீ உணவுக் கணக்கில் சேரும். பால் சேர்க்காத கட்டன் சாயா தண்ணீர்க் கணக்கில். நம் மலையில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடலடைப்பு, அவசர சிகிச்சை போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்வதே முடிவு.

அடுத்தது மாத்திரை. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாபிரில், ராமிபிரில் ஆகிய பிரஷர் மாத்திரைகளைப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். மயக்கத்தில் விழும் அழுத்தத்தை உடம்பே மீட்டெடுப்பதை இவை தடுக்கின்றன. அட்டினோலால், மெட்டோபுரோலால் ஆகியவையும் பிரஷர் மாத்திரைகளே, ஆனால் அப்படியல்ல. அவற்றைத் திடீரென்று விட்டால் இதயத்துக்குக் கேடு. அறுவை சிகிச்சை அன்று காலையும் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்க வேண்டும். "பிரஷர் மாத்திரை போடாதீங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இதனால்தான் தவறு.

தியேட்டருக்குள் முக்கியம் நிதானம். இளைஞருக்கு கிலோவுக்கு 2 மி.கி. புரோபோபால் என்றால் முதியவருக்கு 1 முதல் 1.5 போதும். அதையும் 10 விநாடிக்கு 20 மி.கி. வீதம் ஏற்ற வேண்டும். வயதானவர் ரத்த ஓட்டத்தில் மருந்து மூளையை எட்டத் தாமதமாகும். "இன்னும் தூங்கவில்லையே" என்று அவசரப்பட்டு மேலும் ஏற்றுவதுதான் பல சரிவுகளுக்குக் காரணம். அந்த நேரத்தில் அழுத்தத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது, நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அழுத்தத்தை உயர்த்தும் மெபென்டெர்மின் 3 முதல் 6 மி.கி. அளவில் கொடுக்க சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும். அதே வேலைக்கான பினைலெப்ரின் என்றால் 10 மி.கி. ஆம்ப்யூலை 100 மி.லி. சலைனில் கலந்து, அதில் அரை முதல் ஒரு மி.லி. மட்டும் ஏற்ற வேண்டும். கலக்காமல் அப்படியே ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைந்திருந்தால் பினைலெப்ரினைத் தவிர்ப்பது நல்லது.

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்தும் அறுவைச் சீட்டில் மூன்று வரி அச்சிட வேண்டுகிறேன்: கடைசி உணவு நேரம், கடைசித் தண்ணீர் நேரம், நிறுத்த வேண்டிய மாத்திரையின் பெயர். பட்டியல் தள்ளிப்போனால் தியேட்டரிலிருந்து வார்டுக்குத் தகவல் போக வேண்டும். செவிலியர் நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம்.

மயக்கவியல் மருத்துவர்,
குன்னூர்