பிள்ளையை நம்பி வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும்

கடலூர் முதுநகர்
6.5.2020

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கு தொடங்கி இன்று 43-ஆவது நாள். போதாததற்குத் திங்கட்கிழமை கத்திரி வெயிலும் பிறந்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகல் பொழுதை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு வகுப்பாசிரியர்கள் இந்தக் கடிதத்தைப் போனிலேயே படித்துக் காட்டுவார்கள்.

முதலில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு கால அட்டவணை அனுப்பினேன் அல்லவா? ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று. அதைத் தயாரித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான்காம் நாள் ஓர் அம்மா போன் செய்தார். "பெரிய டீச்சர், கோச்சிக்காதீங்க. வீட்ல இருக்கறது ஒரே போன். மூணு பேரும் அதுக்கு அடிச்சிக்கிறாங்க. பத்து மணிக்கெல்லாம் டேட்டா தீந்துடுது. காலையிலேந்து கத்திக்கிட்டே இருக்கேன். நேத்து சின்னவன அடிச்சிட்டேன்." சொல்லிவிட்டு அழுதார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவே அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் உங்கள் நடுவீட்டில் வைக்கப் பார்த்தது என் தவறு.

அதற்குப் பிறகு ஆசிரியர்களிடம், பாடம் பற்றிப் பேச வேண்டாம், ஒரு நாளைக்கு ஐந்து வீடுகளுக்குப் போன் செய்து 'இன்னைக்கு என்ன பண்ணே?' என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள் என்றேன். நானும் கேட்டேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: டிவி, போன், தூக்கம், சண்டை. பத்து மணிக்கு எழுந்து, இரவு ஒரு மணிக்குப் படுத்து, நடுவில் 'போரடிக்குது' என்று அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவது. ஆனால் சில வீடுகளில் குரலே வேறு மாதிரி இருந்தது. அவர்கள் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சிங்காரத்தோப்பிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்பில் வாயைத் திறக்க மாட்டான். அவன் அப்பாவின் படகு ஊரடங்கு போட்ட நாளிலிருந்து கரையில் நிற்கிறது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிட்டது. அதனால் வலை முழுவதும் வாசலில் கிடக்கிறது. அப்பாவும் மகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அதைச் சரிசெய்கிறார்கள். நான் போன் செய்தபோது பத்து நிமிடம் பேசினான். "கிழிஞ்ச எடத்த அப்படியே இழுத்து முடிச்சுப் போடக்கூடாது டீச்சர். சுத்தி நல்ல கண்ணி வர்ற வரைக்கும் பிசிற வெட்டிவிடணும். ஓட்டை மொதல்ல பெருசாத்தான் ஆகும். அப்புறந்தான் ஊசியப் போட்டுப் பின்னணும்." ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வந்தால் அப்பா எதுவும் சொல்லாமல் அவிழ்த்துவிடுவாராம். காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறான். வெயில் வாசலுக்கு வருவதற்குள் இருவரும் உட்கார்ந்தாக வேண்டும். இவன் எழுந்திருக்காவிட்டால் அப்பாவுக்கு வலையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் அவனை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதமாக நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில் கண்டது இவ்வளவுதான். பிள்ளைக்குப் பொழுது போக வேண்டும் என்று நாம் தவிக்கிறோம். அவனுக்குத் தேவை பொழுதுபோக்கு அல்ல. அவன் செய்யாவிட்டால் நின்றுபோகிற ஒரு வேலை தேவை. சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் உண்மையான வேலையாக இருக்கட்டும். செய்யாமல் விட்டால் வீட்டில் யாருக்காவது தெரிய வேண்டும்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் வீட்டு அரிசிக் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ரேஷனில் எவ்வளவு வந்தது, ஒரு வேளைக்கு எத்தனை ஆழாக்கு, எத்தனை நாளைக்கு வரும், கேஸ் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று பழைய நோட்டில் எழுதி வைக்கிறாள். போன வாரம், "இப்படியே பொங்கினா ஒம்பது நாளுக்குத்தான் வரும்" என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே அளவைக் குறைத்தாராம். நான் அனுப்பிய கணக்குத் தாள்கள் எதையும் அவள் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பெண் பிள்ளைகள் தலையில் இன்னும் இரண்டு வேலையை ஏற்றிவிடாதீர்கள். பாத்திரம், துணி, தண்ணீர், தம்பி எல்லாம் ஏற்கெனவே அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டு விளையாட்டில் சுட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். பாத்திரத்தை ஒரு வாரம் அண்ணன் கழுவட்டும். கை ஒன்றும் தேய்ந்துபோகாது.

வீட்டில் அடைந்து கிடப்பது ஊருக்கெல்லாம் புதிது. நம் மீனவர் ஊர்களான சோனங்குப்பத்துக்கும் அக்கரைகோரிக்கும் அவ்வளவு புதிதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்று நம் கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகளை நிறுத்திவைக்கிறார்கள். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் பிரிப்பது, வலை சரிசெய்வது என்று வரிசையாக வேலை வைத்திருப்பார்கள். ஆனால் அதற்கு முடியும் தேதி என்று ஒன்று உண்டு. நமக்கு அதுதான் இல்லை. ஏப்ரல் 14 என்றார்கள், மே 3 என்றார்கள், இப்போது மே 17. தேதியையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே பித்துப் பிடிக்கும். அதனால் வீட்டில் 'இன்னும் எத்தனை நாள்' என்ற பேச்சை விட்டுவிட்டு, நாளைக் காலை ஆறு மணிக்கு என்ன என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாரதியைத் தொடாமல் கடிதத்தை முடித்தால் நம் தமிழம்மா என்னைச் சும்மா விடமாட்டார். பாரதி 1908-இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனவர். பத்து ஆண்டுகள் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைக்க முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, நம் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். அந்தப் பத்து ஆண்டும் அவர் நிம்மதியாக இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசு கிடையாது, வாசலில் ஒற்றர்கள். எப்போது முடியும் என்று அவருக்கும் யாரும் தேதி சொல்லவில்லை. ஆனாலும் எழுதினார், அரவிந்தரோடு உட்கார்ந்து வேதம் படித்தார். அவருடைய பெரிய பாட்டுகள் பலவும் அந்த ஊரில் பிறந்தவை. சரி, தமிழம்மாவுக்கு இது போதும்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களுக்கு நம் மாவட்டத்தில் வரிசையாகத் தொற்று உறுதியாகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டார் சிலரும் தனிமைப்படுத்தும் முகாமில் இருக்கிறார்கள். நேற்று ஒரு வகுப்புக் குழுவில் ஒரு வீட்டின் படத்தைப் போட்டு, 'இந்தப் பக்கம் போகாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். நான் நீக்கச் சொல்லிவிட்டேன். மூட்டை தூக்கப் போன மனிதர் செய்த குற்றம் என்ன? பள்ளி திறந்தால் அந்தப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்காரப் போகிறார்கள். அந்த வீட்டுக்குப் பால் வேண்டுமா, மாத்திரை வேண்டுமா என்று போனில் கேளுங்கள். கேட்பதால் தொற்றாது.

டிவியில் நாள் முழுக்க எண்ணிக்கை ஓடிக்கொண்டிருப்பதைக் குறைக்கப் பாருங்கள். காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் செய்தி கேட்டால் போதும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் டீச்சரிடம், "மிஸ், எங்க ஆயா செத்துடுமா?" என்று கேட்டிருக்கிறது. 'சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று வாயை அடைத்தால் பயம் உள்ளேயே தங்கிவிடும். டீச்சர் வேறு மாதிரி சொன்னார்: "ஆயாவைப் பாத்துக்கத்தான் நாம வீட்ல இருக்கோம். வெளியே போயிட்டு யார் வந்தாலும் சோப்பு எடுத்துக் குடுக்கறது உன் வேலை." இப்போது அந்த வீட்டில் சோப்பு போடாமல் யாரும் வாசற்படி தாண்ட முடியவில்லையாம். அப்பாவையே இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

படிப்பு விஷயம் சுருக்கமாக. ஒன்று முதல் ஒன்பது வரை அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்துவிட்டது, அதனால் மார்க் பேச்சே வேண்டாம். பத்தாம் வகுப்புக்குத் தேர்வுத் தேதி இன்னும் வரவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாளை எழுதிப் பார்த்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு மார்ச் 24-உடன் தேர்வை முடித்துவிட்டது. அவர்கள் ஒரு வாரம் தூங்கினால் தூங்கட்டும், விட்டுவிடுங்கள்.

சத்துணவு நின்றுபோனதில் சில வீடுகளில் மதியச் சாப்பாடு இழுபறி என்று கேள்விப்பட்டேன். அரிசி, பருப்பு இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் வருவது இயல்பு, அது பிள்ளையின் முதுகில் இறங்க வேண்டாம். தாங்க முடியாவிட்டால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள், மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் 104-க்குப் போன் செய்யலாம். பிள்ளைகளுக்கான எண் 1098. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

வருகிற திங்கள் முதல் வகுப்பாசிரியர்கள் மறுபடியும் போன் செய்வார்கள். போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கேட்கப்போவது ஒரே கேள்விதான்: 'உன்னை நம்பி வீட்டில் என்ன வேலை இருக்கிறது?' பக்கத்திலிருந்து பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள், ப்ளீஸ்.

சிங்காரத்தோப்புப் பையன் நேற்று அவனாகவே எனக்குப் போன் செய்தான். பள்ளியின் வாலிபால் வலை இரண்டு வருடமாகக் கிழிந்து ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. அப்பா வலை முடியப்போகிறது, அடுத்து அதைப் பின்னித் தரட்டுமா என்று கேட்டான். நூல் எவ்வளவு கனம் என்று பார்த்துச் சொல்லவும் சொன்னான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணனிடம் வலையையே கொடுத்தனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்