வைத்த இடத்தில் நிற்காத பொத்தான்: கார் நிறுவனங்களுக்கும் சான்றளிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கார் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அந்தக் கார்களின் புகையை அளந்து சான்று தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வளைந்த அம்புக்குள் ஏ என்ற ஆங்கில எழுத்து பொறித்த பொத்தான் ஒன்று உங்கள் கார்களில் இருக்கிறது. கியர் லிவருக்குப் பக்கத்திலோ ஏசி சுவிட்சுகளின் வரிசையிலோ இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும், சீட் பெல்ட் மாட்டும் முன்பே, பலருக்குக் கை அங்கேதான் போகிறது. அழுத்தினால் சின்ன விளக்கு எரியும். வண்டி நிற்கும்போதெல்லாம் இன்ஜினும் தானாக நின்றுபோகும் ஏற்பாடு அணைந்துவிட்டது என்று அர்த்தம். வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் விளக்கு எரியாது. மறுபடி அழுத்த வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை வண்டி எடுத்தால் நான்கு முறை.

ரேடியோவை எந்த நிலையத்தில் விட்டோமோ அங்கேயே அது பாடுகிறது. ஏசி நேற்று வைத்த அளவிலேயே இன்றும் வீசுகிறது. இந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் ஞாபகமறதி. இது கோளாறு அல்ல, தெரிந்தே வைத்தது என்பது வண்டி ஓட்டுகிற எங்களுக்கும், வண்டியைப் பிரித்துப் பார்க்கிற எங்களில் சிலருக்கும் தெரியும். காரணம் உங்கள் இரு தரப்புக்கும் இடையில் இருக்கிறது. அதனால்தான் இருவருக்கும் சேர்த்து ஒரே மடல்.

இன்ஜின் தானாக நின்று கிளம்பும் இந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 1974லேயே டொயோட்டா க்ரவுன் காரில் வந்த யோசனை இது. ஒன்றரை, இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடும்போது மணிக்குச் சுமார் 0.8 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 0.22 மில்லி. இன்ஜினை அணைத்து மறுபடி உயிர்ப்பிக்க ஆகும் எரிபொருள், ஏறக்குறைய ஏழு விநாடி சும்மா ஓடுவதற்குச் சமம்; ஒன்றரை மில்லி என்று கொள்ளலாம். ஒரு நிமிடம் சிவப்பு எரியும் சிக்னலில் நின்றால் 13 மில்லியில் ஒன்றரை போக மீதி லாபம். யாருக்கு மறுப்பு?

ஆனால் எறும்பு ஊர்வதுபோல் நகரும் நெரிசலில் மூன்று விநாடி நின்று, ஒரு வண்டி நீளம் நகர்ந்து, மறுபடி மூன்று விநாடி நிற்கும்போது கணக்கு தலைகீழ். மிச்சம் 0.7 மில்லி, செலவு 1.5 மில்லி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒருமுறை அணைந்து கிளம்பிய பிறகு மணிக்குப் பத்துக் கிலோமீட்டரையாவது தாண்டினால்தான் மறுபடி அணைவேன் என்று சில கார்களில் நிரல் எழுதியிருக்கிறீர்கள். நல்ல நிரல். எல்லாக் கார்களிலும் ஏன் இல்லை என்பதுதான் புரியவில்லை.

எரிபொருளைவிட எங்களை அதிகம் படுத்துவது அந்த அரை விநாடி. பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் இன்ஜின் உயிர்பெற 0.3 முதல் 0.5 விநாடி ஆகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் அதற்குப் பிறகு கியர்பெட்டியின் கிளட்ச்சுகள் பிடிக்க வேண்டும். இன்ஜின் நின்றால் கியர்பெட்டியின் ஆயில் பம்பும் நின்று அழுத்தம் இறங்கிவிடும் என்பதால்தான் தனி மின் பம்போ, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலனோ பொருத்துகிறீர்கள். அந்த ஏற்பாடு சோம்பலாக இருக்கும் வண்டியில் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ஓர் உதறலோடு கிளம்பும். நேரே போகிற சாலையில் இது பெரிதில்லை. எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்துத் திரும்பும்போதும், ரவுண்டானாவில் நுழையும்போதும், இடைவெளி தெரிந்த கணமும் வண்டி நகரும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். எதிர்வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்தால் அரை விநாடியில் ஏழு மீட்டர் நெருங்கிவிடும்.

இன்னொரு கட்டமும் உண்டு. வண்டி நிற்பதற்குள் முன்வண்டி கிளம்பிவிட, ஓட்டுபவர் மனம் மாறி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அதற்குள் இன்ஜின் அணைய ஆரம்பித்திருக்கும். சாதாரண செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் முழுதாக நின்ற பிறகுதான் அதனுடன் சேர முடியும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சேரக்கூடிய இரட்டை சொலினாய்டு (மின்காந்தச் சுருள்) மோட்டார் இருக்கிறது. பெல்ட் வழியாகவே சுழற்றும் 48 வோல்ட் ஏற்பாடு அதைவிட அமைதி. விலை குறைந்த மாடலில் இவை இருப்பதில்லை. வசதியின் பெயர் மட்டும் எல்லா மாடலிலும் ஒன்றே.

செல்ஃப் மோட்டார் சீக்கிரம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பழைய மோட்டார் முப்பது, ஐம்பதாயிரம் தடவைக்குச் செய்தது. இவற்றில் இருப்பது இரண்டரை லட்சத்துக்கும் மேல் தாங்கும் வகை. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்கும் அப்படித்தான். தண்டு நின்றால் ஆயில் படலம் விலகி உலோகம் உலோகத்தில் உரசும் என்பதால் பாலிமர் பூச்சுள்ள பேரிங் வந்திருக்கிறது. செலவு வைப்பது வேறு இடத்தில்: பேட்டரியில்.

பேட்டரியைக் காலி செய்வது செல்ஃப் அடிப்பதுதான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஆம்பியர் அரை விநாடி இழுத்தால் 150 ஆம்பியர்-விநாடி. இன்ஜின் நின்ற ஒரு நிமிடத்தில் முகப்பு விளக்கு, ஏசி ஊதி, பின்கண்ணாடிச் சூடு, திரை எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் இழுத்தால் 2,400. பதினாறு மடங்கு. நாளுக்கு நாற்பது நிறுத்தம், ஒவ்வொன்றும் நாற்பது விநாடி என்றால் கிட்டத்தட்ட 18 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் கால் பங்கு. இதை ஆல்டர்னேட்டர் திருப்பி ஏற்ற ஓட்டம் வேண்டும். பத்து நிமிடப் பயணமே செய்கிறவரின் பேட்டரி எப்போதும் அரைப்பட்டினிதான். போதாததற்கு, பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் வேண்டும் என்று நீங்களே பேட்டரியை முழுதாக நிரப்பாமல் எண்பது விழுக்காட்டுச் சுற்றில் வைத்திருக்கிறீர்கள்.

அதனால்தான் இந்த வண்டிகளுக்கு, அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி. ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரண பேட்டரியை வைத்தால் அது அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்காமல் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் போய்விடும். சரியான வகையையே வைத்தாலும் பல கார்களில் புதிய பேட்டரி வந்திருப்பதைக் பட்டறையின் கண்டறி கருவி வழியே காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அது பழைய கிழட்டு பேட்டரிக்கு ஏற்றதுபோலவே மின்னேற்றும். இந்த ஒரு கட்டளையைக் காரின் திரையிலேயே வைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஜம்ப் ஸ்டார்ட்டும் அப்படியே. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரத்தைக் கணக்கிடும் சென்சாரைத் தாண்டி நேரே முனையில் கிளிப் மாட்டினால், உள்ளே போன மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது. பாடியில் உள்ள எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். கையேட்டின் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும் இந்த வரியை பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

ஏசியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடினால் இன்ஜினோடு அதுவும் நிற்கும். காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் தேங்கிய ஈரம் ஆவியாகி உள்ளே வீசும், ஈரவாடை வரும், மழை நாளில் முன்கண்ணாடியில் ஆவி படியும்.

ஆக, ஓட்டுநர்கள் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். கியர் வண்டியில் நியூட்ரலுக்குப் போகாமல் கிளட்ச்சை மிதித்தே நிற்பது. ஆட்டோமேட்டிக்கில் வண்டி நகராத அளவுக்கு மட்டும் பிரேக்கை மெல்ல மிதிப்பது. முதல் வழியில் கிளட்ச் ரிலீஸ் பேரிங் தேய்கிறது. இரண்டாவது வழியில், சரிவில், வண்டி உருளும் ஆபத்து இருக்கிறது. இன்னும் சிலர் பேட்டரி சென்சாரின் பிளக்கையே கழற்றுகிறார்கள். வசதி அணைகிறது, உண்மைதான்; கூடவே ஆல்டர்னேட்டர் பேட்டரியின் நிலை தெரியாமல் குத்துமதிப்பாக மின்னேற்றுகிறது. பானெட் திறந்திருக்கிறது என்று காரை நம்பவைக்க பானெட் சுவிட்சின் ஒயரைத் துண்டிப்பவர்கள் திருட்டு அலாரத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். பொத்தானின் நிலையை நினைவில் வைக்கும் சின்னக் கருவியை வாங்கிச் செருகுபவர்களுக்கு வாரண்டித் தகராறு. ஒரு பொத்தானுக்கு நினைவு இல்லாததால் வந்த வினை இத்தனை.

இனி அதிகாரிகளுக்கு. கார்களின் புகையையும் எரிபொருளையும் அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை விதியில் முதன்மை இயக்க முறை என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறீர்கள். வண்டியை முந்தைய முறை எந்த நிலையில் அணைத்திருந்தாலும், மறுபடி எடுக்கும்போது எப்போதும் தானாக வருவதும், வேறொன்றாக மாற்றி வைக்க முடியாததும்தான் அந்த முறை. அப்படி ஒன்று இருந்தால் அதில் மட்டும் சோதித்தால் போதும். இல்லாவிட்டால் மிகச் சிறந்த நிலை, மிக மோசமான நிலை இரண்டிலும் ஓட்டி, கார்பன் டை ஆக்சைடு அளவின் சராசரியை எடுக்க வேண்டும். பொத்தானின் மறதிக்கு வித்து இந்த வகை விதியில்தான் இருக்கிறது.

பொத்தான் நினைவில் வைத்தால் சராசரி எடுக்க வேண்டிவரும்; அதனால் நிறுவனத்துக்கு எவ்வளவு நஷ்டம்? ஐரோப்பாவில் அதற்கு முன் இருந்த என்இடிசி சோதனை 1,180 விநாடி. அதில் ஏறக்குறைய 280 விநாடி வண்டி நின்றுகொண்டே இருக்கும், ஓடுவதோ 11 கிலோமீட்டர். மேலே சொன்ன இன்ஜினுக்கு அந்த நிறுத்தங்களில் 62 மில்லி பெட்ரோல், கிலோமீட்டருக்கு 13 கிராம் கார்பன் டை ஆக்சைடு. காகிதத்தில் 13 கிராமைக் குறைத்துக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. இந்த வசதி அந்தக் காலத்தில் காட்டுத்தீபோல் பரவியதில் வியப்பில்லை. ஐரோப்பாவில் 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி 1,800 விநாடி, 23 கிலோமீட்டர் சொச்சம், நிறுத்தம் சுமார் 13 விழுக்காடு. அதே கணக்கில் கிலோமீட்டருக்கு ஐந்து கிராம் சொச்சம்தான் வருகிறது. சராசரி எடுத்தால் இழப்பு அதில் பாதி, இரண்டரை கிராம். சோதனை குளிர்ந்த இன்ஜினில் தொடங்குவதால், முதல் சில நிறுத்தங்களில் வசதியே வேலை செய்யாது. உண்மை இழப்பு இன்னும் குறைவு.

அந்த இரண்டரை கிராமையும் நிறுவனங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பதே உங்களிடம் எங்கள் கோரிக்கை. எத்தனை விழுக்காடு ஓட்டத்தில் வசதி அணைத்து வைக்கப்படுகிறது என்று கார்களையே பதிவு செய்யவைத்து எடுங்கள். அந்த விகிதத்தில் அளவைத் திருத்துங்கள். சரிபாதிச் சராசரியைவிட அது நியாயம்.

பொறியாளர்களே, அந்த விதி மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. ரிவர்ஸ் கியரிலிருந்து வந்த முதல் அரை நிமிடமும், ஸ்டியரிங் பாதிக்கு மேல் திரும்பியிருக்கும்போதும், திரும்பும் விளக்கு சிமிட்டும்போதும் இன்ஜினை அணைக்காதீர்கள். தயாராக இல்லை என்று மட்டும் திரையில் எழுதாமல் காரணத்தையும் எழுதுங்கள். பேட்டரி 68 விழுக்காடு, பிரேக் வேக்யூம் குறைவு, டீசல் புகை வடிகட்டி சுத்தமாகிக்கொண்டிருக்கிறது என்று ஏதாவது ஒன்று. இவையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும். வாரக்கணக்கில் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் இருப்பது பல நேரம் பேட்டரி தளர்வதன் முதல் அறிகுறி. அதை வசதி ஓய்ந்தது என்று மகிழ்ந்து கடந்துபோய், பிறகு ஒரு காலையில் வண்டியே எடுக்காமல் நிற்கிறவர்கள் அதிகம்.

ஸ்கூட்டர்களிலும் இதே வசதி வருகிறது. அவற்றில் பலவற்றில் கைப்பிடியருகே சாதாரண ராக்கர் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் வேலை செய்யும், மறுபக்கம் தள்ளினால் செய்யாது. சாவியை எடுத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். எங்களுக்குக் காரிலும் அந்த சுவிட்ச் போதும்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும்