குப்பைக் கிடங்கில் ஒயர் எரிப்பதை நிறுத்தக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
கிடங்குத் தெரு மற்றும் அதன் பின்பக்கத் தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: குப்பைக் கிடங்கில் இரவில் ஒயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கப்படுவது – தாய்மார்கள், குழந்தைகள் உடல்நலம் – உடனடி நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் இதே பொருள் குறித்து அளித்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்ற மழையில் ஏரிக்கரை உடைப்பைப் பார்க்க வந்தபோது தங்கள் வண்டி கிடங்கைச் சுற்றித்தான் போனது. கண்ணாடியை ஏற்றிவிட்டதைக் குறையாகச் சொல்லவில்லை; யாராக இருந்தாலும் ஏற்றத்தான் செய்வார்கள்.

முந்தைய மனுக்களுக்கு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் "முடித்துவைக்கப்பட்டது" என்று இன்னொன்று. அது வந்த அன்று இரவும் கிடங்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே கொசு, நாய், நாற்றம் எல்லாவற்றையும் இந்த முறை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் எழுதுகிறோம்.

1. எரிவது வெறும் குப்பை அல்ல. இருட்டியதும் பையன்கள் பழைய ஒயர்களைச் சுருட்டிப் போட்டு, டயர் துண்டை வைத்துப் பற்றவைக்கிறார்கள். மேலே உள்ள பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை எரிந்துபோனால் செம்புக் கம்பி கையில் கிடைக்கும். காலையில் காயலான் கடையில் எடைக்குப் போடலாம். பிவிசியில் இருப்பது குளோரின். கூடவே இருக்கும் செம்பு வினையைத் தூண்டிவிடுகிறது. அரைகுறையாக எரியும் அந்தச் சூட்டில்தான் டையாக்சின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன.

2. டையாக்சின்களில் மிகக் கொடியதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உடம்பில் புகுந்தால் கொழுப்பில் தங்கும். பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். மார்பகத்தில் கொழுப்புக்குக் குறைவில்லை. அங்குள்ள செல்களில் டையாக்சின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அதில் ஒட்டியதும் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலையில் குறுக்கிடுகிறது. மார்பகச் செல்கள் கருவில் உருவாகி, பருவமடையும்போது வளர்ந்து, பிள்ளைப்பேற்றில்தான் முழு வளர்ச்சி பெறுகின்றன. அதற்குள் எது தீண்டினாலும் பாதிப்பு அதிகம். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் தெருவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்கள் உண்டு. இந்தப் புகையால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்று சொல்லவும் இங்கே யாரிடமும் ஒரு பரிசோதனை முடிவுகூட இல்லை.

3. எங்களை அதிகம் வதைப்பது பால். கிடங்கின் மேல் நாள் முழுக்க மாடுகள் மேய்கின்றன. சாம்பல் படிந்த புல்லையும் எச்சில் இலையையும் பிளாஸ்டிக் பையோடு சேர்த்தே மெல்லுகின்றன. சாயங்காலம் அந்தப் பால்தான் டீக்கடைக்கும் எங்கள் வீடுகளுக்கும் வருகிறது. இது கற்பனை பயம் இல்லை ஐயா. சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தார் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். தள்ளி வாழ்ந்த பெண்களின் பாலைவிட அதில் டையாக்சின் வகைப் பொருள்கள் கூடுதல். வந்த வழிகளில் ஒன்றாக அவர்கள் சுட்டியதும் மாட்டுப்பாலைத்தான்.

இதைக் கேள்விப்பட்ட பச்சை உடம்புக்காரி ஒருத்தி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், நான் பால் கொடுக்கலாமா, பால் மாவு வாங்கட்டுமா?" என்று கேட்டாள். புகை வராமல் இருக்க ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறாளாம். விடியும்போது துணி கருத்துவிடுகிறதாம். தாய்ப்பாலை நிறுத்தாதே, அதன் நன்மைதான் பெரியது, உலக சுகாதார அமைப்பும் அதைத்தான் சொல்கிறது என்றேன். சரி என்று தலையாட்டினாள். "அப்போ புகையை யார் நிறுத்துவாங்க?" என்று அடுத்துக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்.

4. சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இப்படிப்பட்ட நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-ல் ஏற்றது. திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது, எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. இங்கே யாரிடமாவது ஒரு ரூபாய் வசூலானதா? இத்தாலியின் செவெசோவில் 1976-ல் தொழிற்சாலையிலிருந்து டையாக்சின் கசிந்தபோது பெண்களின் ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறதா என்று தேடிப்போய்ப் பார்த்தார்கள். அங்கே விபத்து ஒரு நாள். இங்கே தினமும் இருட்டியதும் நடக்கிறது. ஒரு பிடி சாம்பலைக்கூட யாரும் எடுத்துப்போகவில்லை! தீயணைப்பு வண்டி வந்தால் மேலாகத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகிறது. மறுநாள் அதே இடம், அதே டயர், அதே பையன்கள்.

5. அந்தப் பையன்களைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். முதலில் புகையைக் குடிப்பவர்கள் அவர்கள்தான். கருகிய செம்பை வாங்குகிறவரைப் பிடியுங்கள். யார் என்று ஊருக்கே தெரியும்.

நாங்கள் கேட்பது: கிடங்கைச் சுற்றி வேலியும் இரவுக் காவலும். மாடுகள் உள்ளே நுழையத் தடை. கருகிய கம்பி வாங்கும் கடைகளில் சோதனை. சாம்பல், மண், மாட்டுப்பால் மூன்றையும் டையாக்சினுக்காகச் சோதித்து முடிவை எங்களுக்கும் தமிழில் தருவது. தெருப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம். வருஷத்துக்கு ஒரு தடவை பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் முகாம் வேண்டாம், தொடர்ந்து வர வேண்டும்.

எல்லாம் ஒரே நாளில் ஆகாது என்பது தெரியும். காவல் மட்டும் இன்று இரவே போடலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், தங்கள் ஒரு வார்த்தை போதும். தயவுசெய்து இந்த மனுவை வேறு துறைக்கு அனுப்பாமல், இருட்டிய பிறகு ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படியும், எரிப்பதை நிறுத்தும்படியும் மிகவும் பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். எரிப்பதை நிறுத்துங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் சார்பாக,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், கையொப்பப் பட்டியல், கிடங்கு எரியும் படங்கள்.