சிவப்புத் துணிக் கட்டு

திருவட்டார்,
ஞாயிற்றுக்கிழமை

மக்களே,

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன். "அவளுக்கு ஏழு மாசம் ஆகுது, இந்த நேரத்தில் மந்திரவாதப் புத்தகம் எல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாதும்மா, அந்தக் கூட்டத்துக்குப் போறதை நிறுத்துங்க" என்றாய். கோபம் ஒன்றும் இல்லை. நீ பயந்துதான் சொல்கிறாய் என்று தெரிகிறது. போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆசான் வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் கூடுகிறோம். வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசான், சர்ச் உபதேசியார், தக்கலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற பாய் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்று பேர், அப்புறம் நான். படிப்பது மட்டும்தான். யாருக்கும் தகடு எழுதிக் கொடுப்பதில்லை, எதையும் செய்து பார்ப்பதும் இல்லை. கருப்பட்டிக் காப்பி உண்டு, மரச்சீனிக் கிழங்கு உண்டு.

என்னைக் கூப்பிட்டதே மலையாள எழுத்துக்காக. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் நம்ம ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் அல்லவா, உன் ஆச்சி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் எனக்குக் கற்றுத் தந்த எழுத்து இத்தனை வருஷம் கழித்து உதவுகிறது. ஆசானின் பாட்டா, வீட்டில் இருந்த தமிழ் ஏட்டை ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கிறார். பாட்டு தமிழ், எழுத்து மலையாளம்.

அதில் ஒரு வரிக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. நோட்டில் 'வெள்ளெருக்கங் கொல்' என்று இருக்கிறது. கொல் என்றதும் உபதேசியாருக்கு முகமே மாறிவிட்டது, அடுத்த வரிக்குப் போக வேண்டாம் என்றார். ஆசான் உள்ளே போய் ஏட்டை எடுத்து வந்தார். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் கிழியும் என்று அந்தக் காலத்தில் புள்ளி வைப்பதில்லை. கொ, கோ என்ற வித்தியாசமும் கிடையாது, வீரமாமுனிவருக்குப் பிறகுதான் கொம்பைச் சுழித்து நெடில் காட்டினார்கள். ஏட்டில் 'கொல' என்று மொட்டையாக இருந்தது. கொல் என்றும் படிக்கலாம், கோல் என்றும் படிக்கலாம். வெள்ளெருக்கங் கோல்! செடியின் ஒரு குச்சி, அவ்வளவுதான். பாட்டா பெயர்த்தபோது ஒரு நெடிலைக் குறிலாக்கிவிட்டார், குச்சி கொலையாகிவிட்டது. அந்த நோட்டை எத்தனை பேர் அப்படியே நம்பியிருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மாரணம் என்ற சொல்லும் அப்படித்தான். வசியம், தம்பனம், உச்சாடனம் என்று அடுக்கி வருகிற எட்டு மந்திரக் காரியங்களில் அது ஒன்று, ஆளைக் கொல்கிற வித்தை. ஆனால் வைத்திய நூல்களில் மாரணம் என்றால் பாதரசத்தையும் உலோகத்தையும் புடம் போட்டுப் பஸ்பமாக்குவது. ஆசான் இதைச் சொன்னபோது, எந்த இடத்தில் எந்த மாரணம் என்று பார்க்க முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் படித்தோம்.

அப்புறம் கட்டங்கள். ஒன்பது அறை, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. ஏழாம் வகுப்பில் நீ ராத்திரி உட்கார்ந்து போட்டாயே, அதுவேதான். ஆசானின் நோட்டில் அது சக்கரம். பாய் கொண்டுவந்த இஸ்முக் குறிப்பில், அதாவது அவர்கள் பக்கத்து மந்திரக் குறிப்பில், அதே கட்டம் அரபு எண்களில். எதற்குத் தெரியுமா? பிரசவ வலிக்கு. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் வாழ்க்கையைச் சொல்கிற நூலில் இதைக் குறிப்பிடுகிறார்: கஷ்டப்படுகிற பெண் இதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காலுக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் முன்னால், சுமார் 900-ஆம் ஆண்டில் விருந்தர் எழுதிய சித்தயோகம் என்ற வைத்திய நூலிலும் பிரசவத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கூட்டுத்தொகை 30. மந்திரப் புத்தகம் கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்கிறாய். அதை எழுதினவர்களும் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் பயந்துகொண்டு அறை வாசலில் நின்றவர்கள்தான் மக்களே. கட்டம் வலியைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பயத்தை என்னால் அவமதிக்க முடியவில்லை.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் கையில் முழங்கைக்குக் கீழே நீள நீளமாகத் தழும்பு இருக்குமே. சின்னதில் நீ கேட்டபோது அடுப்பில் சுட்டது என்றாள். அது சுட்டது இல்லை. 1978-இல் அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்து பத்து நாள் இருக்கும். தூக்கமே இல்லை. ராத்திரி முழுக்க நடந்தாள், பிள்ளை தன்னுடையது இல்லை என்றாள். யட்சி பிடித்திருக்கிறது என்றார்கள். பார்வதிபுரம் தாண்டி இருக்கிற கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர், சந்தேகமே வரவில்லை. ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார்கள். பதினொரு நாள் பிரம்பு. அவர் பக்கத்தில் சிவப்புத் துணியில் கட்டிய புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பிரித்து நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கட்டைத் தலையில் வைத்து எடுப்பார், வீடே நடுங்கும். எனக்குப் பதினாறு வயது. கதவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாம் நாள் அப்பா கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாசத்தில் தெளிந்தாள். பிள்ளைக்குக் கொடுக்கப் பால்தான் இல்லை.

அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் திண்ணைக்குப் போகிறேன். போன மாசம் அஷ்டாங்க ஹிருதயம் எடுத்தோம், கேரள வைத்தியர்கள் மனப்பாடம் செய்கிற நூல். அதன் உத்தர பாகத்தில் பூத பாதைக்கு, அதாவது பேய் பிடிப்பதற்கு, இரண்டு அத்தியாயம். அது முடிந்ததும் பித்துக்குத் தனியாக ஒன்று, வலிப்புக்குத் தனியாக ஒன்று. பேயை நம்பினவரே பேய் வேறு, நோய் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார். அதைச் சத்தமாகப் படிக்கும்போது எனக்குக் குரல் அடைத்தது. உபதேசியார் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மீதியைப் படித்தார்.

நான் வரும்போது உளுந்தும் கருப்பட்டியும் பேறுகால மருந்துப் பொடியும்தான் கொண்டுவருவேன், புத்தகம் எதுவும் வராது. ஆனால் நீ ஒன்றைக் கேட்டுக்கொள். பிள்ளை பெற்ற ஆயிரம் பேரில் ஒருவர் இரண்டு பேருக்குப் பெரியம்மாவுக்கு வந்தது வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். மருமகள் தூங்காமல் நடந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரையும் கேட்காதே. சொந்தக்காரர் போனில் என்ன சொன்னாலும் கேட்காதே, நானே தயங்கினாலும் கேட்காதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ.

இதை எழுதட்டுமா என்று நேற்றுப் பெரியம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுது. அடுப்பில் சுட்டது இல்லைன்னும் சொல்லு" என்றாள்.

அம்மா