தம்பிக்குக் கை கொடுத்தவர்களுக்கு: காசு என்ன செய்தது, அவன் இப்போது எப்படி இருக்கிறான்

என் தம்பியின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை, அதிலும் பாதிப் பேரின் பெயரே எங்களுக்குத் தெரியாது. உண்டியலில் போட்டுவிட்டு நடந்தவர்கள், இரத்தம் கொடுத்துவிட்டு மைலோ பக்கெட்டோடு வீட்டுக்குப் போனவர்கள், ஈசி கேஷில் ஐந்நூறு அனுப்பி "யாரென்று கேட்க வேண்டாம்" என்றவர்கள். அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். ரூபாக் கணக்கைத் தலைவர் அண்ணன் கோயில் பலகையில் ஒட்டிவிட்டார், போய்ப் பாருங்கள். நான் எழுதுவது இன்னொரு கணக்கு. நீங்கள் தந்தது என் தம்பியின் உடம்புக்குள் போய் என்ன செய்தது, எது முடிந்தது, எது இன்னும் முடியவில்லை என்பது. "பிள்ளை சுகமாயிட்டானாமே" என்று கேட்கிற எல்லாரிடமும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, தந்தவர்களுக்கு முழு விஷயமும் தெரிய வேண்டும்.

முதலில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா. தம்பி கொழும்புக் கடையிலிருந்து காய்ச்சலோடு வந்தபோது வீட்டில் எல்லாரும் டெங்கு என்றுதான் நினைத்தோம், கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வருகிறவனைப் பார்த்து வேறு என்ன நினைப்பது. ஐயாதான் அவன் காலிலிருந்த நீலத் தழும்புகளையும் கழுத்தில் இருந்த கட்டிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கு என்று வைக்காதீர்கள், இப்பவே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். அங்கே இரத்தத்தைப் பார்த்ததுமே மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த இரவு மூடுபனியில் கினிகத்தேனை, கித்துல்கலை வளைவெல்லாம் வேனை இறக்கிக் கொண்டுபோன மாமா இன்றுவரை டீசல் காசு வாங்கவில்லை. மாமா, அடுத்த தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நோய் பி கலங்களில் (கிருமியோடு மோதுகிற வெள்ளை இரத்தக் கலங்களில் ஒரு வகை) வருகிற ஒரு வகைக் குருதிப் புற்றுநோய், வேகமாகப் பெருகுகிற வகை. சிறு பிள்ளைகளுக்கு வந்தால் கீமோவிலேயே பெரும்பாலும் குணமாகிவிடுகிறது, வயது ஏற ஏற அந்த வாய்ப்புக் குறைகிறது. தம்பி வளர்ந்த ஆள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் ஒரு சதம் வாங்காமல் பார்த்தார்கள், ஊசி, மாத்திரை, சாப்பாடு எல்லாம். வார்டில் இருந்த சிங்கள மிஸ்மார் (நர்ஸ்மார்) அவனோடு கதைப்பதற்காகவே "வலிக்குதா", "சாப்பிட்டியா" என்று இரண்டு மூன்று சொல் பழகி வைத்திருந்தார்கள். பதுளைப் பக்கத்துத் தமிழ் மருத்துவ மாணவர் ஒருவர் தன் லீவு நாளில் வந்து, வைத்தியர் சொன்னதையெல்லாம் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஆற அமரச் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு பக்கெட் தேயிலைத் தூள் மட்டும்.

நோய் அடங்கியது, அப்புறம் திரும்பி வந்தது. இந்த இடத்தில்தான் ஊரில் நிறையக் குழப்பம். "என்பு மச்சை மாற்றினால் சரியாகுமே, அக்கா இருக்கிறாளே" என்று பலர் கேட்டீர்கள். மச்சை என்றால் எலும்புக்குள் இரத்தக் கலங்கள் உண்டாகிற இடம். மச்சை மாற்றுச் சிகிச்சை நம் நாட்டிலும் நடக்கிறது. ஆனால் கூடப்பிறந்த ஒருவரின் மச்சை முழுசாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, எனக்கும் அவனுக்கும் பாதிதான் பொருந்துகிறது. பாதிப் பொருத்தத்திலும் இப்போது செய்கிறார்கள், அதற்கும் முதலில் நோயை அடக்கியிருக்க வேண்டும். அவனுக்கு இரண்டாம் முறை கீமோ கொடுத்தும் அது அடங்கவில்லை.

மச்சை மாற்றில் குணமாவது பெரிய கீமோவால் மட்டுமல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொடுத்தவருடைய நோயெதிர்ப்புக் கலங்கள் உள்ளே போய், மிச்சமிருக்கும் புற்றுக் கலங்களைத் தேடி அழிக்கின்றன. சில சமயம் அதே கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும்கூடத் தாக்கும், அதுதான் அந்தச் சிகிச்சையின் பயம். மச்சை மாற்றை வளர்த்தெடுத்த டொனல் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தம்பிக்குச் செய்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது, இந்தத் தடவை வேறு யாருடைய கலமும் இல்லை, அவனுடையதே.

கார்-டி என்று அதற்குப் பெயர். அவன் இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் டி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை மட்டும் பிரித்து, மீதியை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். பிரித்த கலங்கள் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸைக் கொண்டு அந்தக் கலங்களுக்குள் புது மரபணு ஒன்றை வைப்பார்கள், அதன் பிறகு அவை, புற்றான பி கலங்களின் மேல் இருக்கிற சிடி19 என்ற அடையாளம் உள்ள எந்தக் கலத்தைக் கண்டாலும் பிடித்துக் கொல்லும். (அந்த வைரஸ் எச்ஐவியிலிருந்து உருவாக்கியது என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆபத்தான பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் பாவிக்கிறார்கள், ஆனாலும் அம்மாவுக்கு அந்தப் பெயரே போதும். யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு முதலில் 2017இல் அனுமதி கிடைத்தது, அங்கே மருந்தின் விலை மட்டும் நாலு இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டிக்கு இந்தியா 2023 ஒக்டோபரில் அனுமதி கொடுத்தது. இந்திய ரூபாயில் ஏறத்தாழ 30 முதல் 40 இலட்சம். அமெரிக்க விலையில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், உண்மைதான், பெரிய சாதனைதான். ஆனால் நம்ம காசுக்கு அது ஒரு கோடியைத் தாண்டுகிறது. நாங்கள் காசு சேர்க்கத் தொடங்கியபோது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு கோடிக்கு 7,400 பேர் கிட்ட ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், ஒருத்தர் தனியாகப் பறித்தால் ஒரு நாள் விடாமல் போனாலும் இருபது வருஷம். மலிவு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அந்தக் காசு வந்த வழி உங்களுக்கே தெரியும். மூன்று டிவிஷன் பெண்கள் தீபாவளி அட்வான்ஸில் கைவைத்தார்கள், புதுச் சட்டை இல்லாமல் பட்டாசு வெடித்த பிள்ளைகளை நான் பார்த்தேன். காமன் கூத்து ஆடிய பொடியன்கள் அந்த வருஷத் தட்டுக் காசை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். குவைத்திலும் டுபாயிலும் வீட்டு வேலை செய்கிற அக்காமார், கொழும்புக் கடைகளில் நிற்கிற தம்பியின் கூட்டாளிகள், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள், ஹட்டன் டவுன் முதலாளிமார், பள்ளிவாசல்காரர், தேவாலயத்து ஃபாதர். கமிஷன் வைத்துத்தான் எல்லாம் செய்து தருவேன் என்று இடையில் ஒரு ஏஜென்ட் வந்தார், அவரைப் பற்றி எழுதி இந்த இடத்தைக் கெடுக்கவில்லை.

சென்னைக்குப் போனோம். தம்பியின் கலங்கள் அங்கிருந்து மும்பைப் பக்கம் விமானத்தில் போய்விட்டன, அவை தயாராகி வரச் சில கிழமை ஆகும். நோய் அதுவரை காத்திருக்குமா? அதனால் நடுவில் கொஞ்சம் கீமோ கொடுத்து அமுக்கி வைத்தார்கள், இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லட் மடமடவென்று இறங்கியது. இரத்தத்தில் இருந்து பிரிக்கும் பிளேட்லட்டை ஃபிரிட்ஜில் போட்டு மாசக்கணக்கில் வைக்க முடியாது, அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். ஆகவே புதுப் புது ஆட்கள் வேண்டும். தெரியாத ஊரில் ஆளுக்கு எங்கே போவது என்று நின்றபோதுதான் நீலகிரியில் இருக்கிற கோத்தகிரிச் சொந்தம் வந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போன தாத்தாவின் அண்ணன் குடும்பம். அம்மாவிடம் ஒரு பழைய கடித உறை இருந்தது, அந்த விலாசத்தை வைத்துத் தேடிப் பிடித்தோம். சென்னையில் வேலை செய்கிற அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பிளேட்லட் கொடுக்க மாறி மாறி வந்து படுத்தார்கள். எங்களை அதற்கு முன் ஒரு தரமும் பார்த்ததில்லை. நீங்கள் பேசுகிற தமிழும் எங்கள் பாட்டி பேசினதும் ஒன்றாக இருக்கிறதே என்று சிரித்தார்கள்.

ஹட்டனில் கோயில் மண்டபத்து முகாமில் இரத்தம் கொடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் இரத்தம் பொதுவான வங்கிக்குத்தான் போகிறது, அதனால் உங்கள் பை தம்பிக்குத்தான் ஏறியது என்று என்னால் சொல்ல முடியாது. வேறு யாரோ ஒரு தாய்க்கு ஏறியிருக்கும், தம்பிக்கு ஏறியது வேறு யாரோ கொடுத்தது.

கலங்கள் திரும்பி வந்த பை உள்ளங்கை அளவு. ஏற்றி முடியச் சில நிமிஷம். "இவ்வளவுதானா" என்று அம்மா கேட்டேவிட்டார். அதன் பிறகுதான் உண்மையான சண்டை. கார்-டி கலங்கள் வேலையைத் தொடங்கியதும் காய்ச்சல் ஏறி, இரத்த அழுத்தம் விழுந்தது. இது மருந்து வேலை செய்வதால் வருகிற புயல், கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோகும். அதை அடக்க டொசிலிசுமாப் என்று ஒரு மருந்து போட்டார்கள், அது முடக்குவாதத்துக்கு வந்த மருந்து. 2012இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுப் பிள்ளைக்கு, பிள்ளைகளில் முதல் ஆளாக, இந்தச் சிகிச்சையைச் செய்தபோது அவள் சாகக் கிடந்தாளாம். அவள் இரத்தத்தில் ஐஎல்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, அதைத் தடுக்கும் மருந்து ஒன்று இருப்பது பேராசிரியர் கார்ல் ஜூனுக்குத் தெரிந்திருந்தது, காரணம் அவருடைய மகளுக்கு மூட்டு வாதம். கொடுத்தார்கள், எமிலி பிழைத்தாள், அவள் இப்போது வளர்ந்த பெண். அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா அன்றைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தமிழ் தெரியாத அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி.

மூளையையும் இது தொடும். அதனால் நர்ஸ் ஒவ்வொரு நாளும் வந்து இது என்ன மாசம், எந்த ஊர், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லு, ஒரு வசனம் எழுது என்பார். தம்பி ஒவ்வொரு நாளும் அதே வசனத்தைத்தான் எழுதினான்: "எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் வேண்டும்." ஒரு காலையில் "ரொட்டி" வரைக்கும் வந்துவிட்டு எழுத்து நெளிந்து கோடாகப் போனது. நான் பேனாவைத்தான் குறை சொன்னேன், அந்த நர்ஸ் தாளைப் பார்த்ததும் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தார். ஸ்டீரொய்ட் போட்டார்கள். இரண்டொரு நாளில் சம்பல் வரைக்கும் எழுதினான். கேரளாவிலிருந்து வந்த அந்த நர்ஸ் பிள்ளை இதை வாசிப்பாரோ தெரியாது, வாசித்தால், தங்கச்சி, உங்களை எங்கள் வீட்டில் தினமும் நினைக்கிறோம்.

இனி இப்போதைய நிலை. ஒரு மாசம் கழித்து மச்சையைச் சோதித்தபோது நுண்ணிய பரிசோதனையிலும் புற்றுக் கலம் தென்படவில்லை. இதைக் கேட்டுத்தான் நீங்கள் வெடி கொளுத்தினீர்கள், சரி. ஆனால் இது குணமாகிவிட்டது என்ற சொல் இல்லை. சிறு பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும் அமெரிக்க மருந்தை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றில் 75 பேரில் 81 சதவீதத்தினருக்கு மூன்று மாசத்துக்குள் நோய் அடங்கியது, ஒரு வருஷம் நோய் திரும்பாமல் தாக்குப்பிடித்தவர்கள் பாதிப் பேர் அளவில்தான். புற்றுக் கலம் சிடி19 அடையாளத்தையே கழற்றிவிட்டு வருவதும் உண்டு, அப்படி வந்தால் கார்-டிக்குக் கண் தெரியாது. அதனால்தான் இப்போது என்னுடைய பாதிப் பொருத்த மச்சையைக் கொடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று இரண்டு நாட்டு வைத்தியர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் நான் நாளைக்கே படுக்கத் தயார். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை.

அந்த சிடி19 நல்ல பி கலங்களிலும் இருக்கிறது, ஆகவே களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்கியாகிவிட்டது. நோய்க்கிருமியோடு மோதுகிற எதிர்ப்புப் புரதத்தை அவன் உடம்பு இப்போது சரியாகச் செய்வதில்லை, வெளியிலிருந்து ஊசியாக ஏற்ற வேண்டியிருக்கிறது, அது விலை கூடியது. மிச்சக் காசை ஏன் பிரித்துக் கொடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான், அது அந்த ஊசிக்காக வைத்த காசு. அரிதாக இந்தச் சிகிச்சைக்குப் பிறகு டி கலத்திலேயே புதுப் புற்று வரலாம் என்று 2024இல் அமெரிக்காவில் கார்-டி மருந்துகளின் விபரத்தாளில் எச்சரிக்கை போடச் சொன்னார்கள், வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கச் சொல்கிறார்கள்.

தம்பியைப் பார்த்துவிட்டு "எங்க சித்திக்கு மார்பில் கட்டி, அவங்களுக்கும் இதைச் செய்யலாமா" என்று கேட்டுப் பல பேர் வருகிறீர்கள். எனக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு இது இரத்தத்தில், நிணநீரில், மச்சையில் வருகிற சில புற்றுகளுக்குத்தான். கட்டியாக வளரும் புற்றுக்குள் இந்தக் கலங்கள் நுழைவதே சிரமம், நுழைந்தாலும் சோர்ந்துவிடுகின்றன, அங்கே குறிவைக்கிற அடையாளம் நல்ல உறுப்புகளிலும் இருப்பதால் ஆபத்தும் கூட. ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குள் "ஸ்டெம் செல்" என்று நோட்டீஸ் அடித்துக் காசு கேட்பவர்களிடம் காணியையும் நகையையும் விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். மார்பில் கட்டி என்றால் முதல் வேலை கிளினிக்குக்குப் போவது, அதற்கு இருக்கும் மருந்துகளில் நிறையப் பேர் பிழைக்கிறார்கள்.

சேர்த்த கணக்கை மூடிவிட்டோம், இனி யாராவது தம்பி பெயரில் காசு கேட்டால் அது நாங்கள் இல்லை. பார்க்க வருகிறவர்கள் தடிமன், காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து வாசலோடு நில்லுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மஹரகமவுக்குப் பிள்ளையோடு போகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நாங்கள் தங்கின வீட்டு ஆன்டியிடம் கேட்டுத் தருகிறேன். அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் வராது, ஆனாலும் இரண்டு பேரும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.