இழுவைக் கயிறு உடனே கழல வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற சிறு விமானம் விழுந்து அதன் விமானி உயிரிழந்ததாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மனம் கனத்தது. 'கட்டுப்பாட்டை இழந்தது' என்று செய்தி முடிகிறது. இறந்தவர் மீதே பழி விழும் சொற்கள் அவை. காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால், சுமார் 60 மீட்டர் கயிற்றில் பின்தொடரும் கிளைடர் சட்டென்று மேலேறினால், கயிறு முன்னால் போகும் விமானத்தின் வாலைத் தூக்கி மூக்கைத் தரை நோக்கிக் கவிழ்த்துவிடும். தாழப் பறக்கையில் ஓரிரு விநாடிக்குள் கயிற்றைக் கழற்றினால்தான் உயிர் பிழைக்கலாம். பழைய வகைக் கொக்கிகள் சிலவற்றிலோ, கயிறு மேல்நோக்கி இழுபடும்போது அவ்வளவு எளிதில் கழற்ற வராது.

நான் திருமங்கலத்தில் லாரிப் பட்டறை நடத்தியவன். ஒருமுறை கண்மாய்ச் சேற்றில் புதைந்த லாரியை டிராக்டரால் இழுத்தபோது, டிராக்டரின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழும்பிவிட்டன. கயிறு விறைத்து நின்றதால் கொக்கிப் பின்னைச் சுத்தியலால் அடித்தும் உருவ முடியவில்லை. ஓட்டுநர் கிளட்சை மிதித்ததால் தப்பித்தார். விமானிக்கு அந்த வழியும் இல்லை. எனவே, நம் நாட்டில் கிளைடர் இழுக்கும் ஒவ்வொரு விமானத்திலும், கயிறு மேல்நோக்கி விறைத்திருக்கும் நிலையில் கொக்கி கழல்கிறதா என்று சோதிப்பதை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கட்டாயமாக்க வேண்டும். விசாரணை அறிக்கை வரும்போது அதையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற மெக்கானிக், திருமங்கலம், மதுரை மாவட்டம்.